மியூசியத்தில் கையில் கொடுக்கும் கருவி: நன்றாக இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

போன வருடம் அம்மாவையும் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். வாசலிலேயே ஆளுக்கொரு ஆடியோ கைடு வாடகைக்குக் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் மூன்று பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே கூடத்துக்குள் சுற்றினோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நடுவில் ஒருமுறை அம்மா ஒரு வெண்கலச் சிலையைக் காட்டி என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். நான் காதில் இருந்ததைக் கழற்றுவதற்குள் "பரவாயில்லை, நீ கேளு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, அப்போது என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கே மறந்துபோயிருந்தது.

கருவியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். கருவிக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டிருந்தது. மூன்று பேருமே ஐந்து போட்டோம்.

அந்த ஐந்து எப்படி வந்தது, அதை நம்பலாமா என்ற கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. மியூசியங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு பக்கம் "ஒரு ஆப் போட்டுவிட்டால் போதும்", "எல்லாச் சிலைக்கும் கியூஆர் கோடு ஒட்டுங்கள்" என்கிறார்கள். இன்னொரு பக்கம் "போனை உள்ளேயே விடக் கூடாது" என்கிறார்கள். இரண்டு பேரும் கருவியைப் பற்றியே பேசுகிறார்கள். கருவி கையில் இருக்கும்போது அந்த மனிதருக்கும் எதிரே இருக்கும் பொருளுக்கும் கூட வந்தவருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. வடிவமைப்பவர்களும் ஆய்வாளர்களும் பல வருடங்களாகப் போராடிக்கொண்டிருப்பது அந்த இடத்தில்தான்.

கையடக்கக் கருவி என்று நான் சொல்வது, பார்வையாளர் கையிலோ காதிலோ சுமந்துகொண்டு நடக்கும் எதையும். வாடகை ஆடியோ கைடு, சொந்தப் போனில் ஓடும் ஆப், டிக்கெட்டோடு கொடுக்கும் அட்டை என்று எல்லாம் இதில் அடங்கும்.

கோயிலில் கூட வரும் பெரியப்பா

நம்மில் பலருக்கு முதல் மியூசியம் கோயில் மண்டபம்தான். முதல் கைடு வீட்டுப் பெரியவர் யாராவது. பெரியப்பா ஒருவர் தூணருகே நிறுத்தி, "அந்த யாளி வாய்க்குள்ளே பாரு, ஒரு கல் உருண்டை இருக்கா? விரலை விட்டு உருட்டலாம், வெளியே மட்டும் எடுக்க முடியாது" என்பார். நீங்கள் விரலை விட்டு உருட்டுவீர்கள். அவர் அதுவரை பேசாமல் நிற்பார். "எப்படி உள்ளே போச்சு?" என்று நீங்கள் கேட்ட பிறகுதான், ஒரே கல்லில் உள்ளேயே குடைந்து செதுக்கியது என்று சொல்வார். தங்கச்சிக்குக் கை எட்டவில்லை என்றால் தூக்கிப் பிடிப்பார். நீங்கள் சலித்துப்போனால் அடுத்த தூணுக்குப் போய்விடுவார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினார். அப்புறம் பார்க்க நேரம் விட்டார். கேள்வி வந்த பிறகு தகவல் சொன்னார், அதுவும் கொஞ்சமாக. எல்லோரையும் ஒரே பொருளைச் சுற்றி நிற்க வைத்தார். எந்த மன்னன், எந்த நூற்றாண்டு என்ற விவரமெல்லாம் கடைசியில் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம்.

பலர் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு, மற்றவரும் அதையே பார்க்கிறார் என்று அறிந்திருக்கும் நிலைக்குப் பகிர்ந்த கவனம் என்று பெயர். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மியூசியக் கருவிகள் பெரியப்பா செய்தவற்றில் ஒன்றை, அதாவது தகவல் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகின்றன.

இதுவரை பார்த்தது: நல்ல வழிகாட்டி கண்ணைப் பொருள் மீது வைக்கிறார், கூட வந்தவர்களைச் சேர்த்து நிறுத்துகிறார், தகவலை அளவாகத் தருகிறார். கருவியையும் இந்த மூன்றாலும் அளக்கலாம்.

இந்தக் கருவிகள் எப்போதிருந்து இருக்கின்றன?

ஆப் வந்த பிறகு பிறந்த யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். 1952-லேயே ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலைக் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் கையில் சின்ன வானொலிப் பெட்டியையும் காதில் ஹெட்போனையும் கொடுத்து, சிற்றலை வரிசையில் உரையை ஒலிபரப்பினார்கள். வானொலி என்பதால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியம்தான் கேட்கும், கூட்டம் முழுவதும் ஒன்றாக நகர்ந்தாக வேண்டும். பிறகு ஒலிநாடா வந்தது. ஒருவர் தன் வேகத்தில் தொடங்கலாம், ஆனாலும் பாதை ஒன்றுதான். அதற்கும் பிறகு பொருளுக்குப் பக்கத்தில் எண் போட்டு, அந்த எண்ணை அழுத்தினால் அதற்கான உரை மட்டும் வரும் முறை வந்தது. இன்றைய ஆப்களில் பெரும்பாலானவை இந்த எண் முறையைத்தான் திரைக்கு மாற்றியிருக்கின்றன.

பழைய முறை என்றால் மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் அல்கட்ராஸ் தீவுச் சிறைக்கு 1987-இல் ஒரு ஒலிநாடாச் சுற்று செய்தார்கள். அங்கே காவலராக இருந்தவர்களும் கைதியாக இருந்தவர்களும் தங்கள் குரலிலேயே பேசுகிறார்கள். பாதை ஒரே பாதைதான், தேர்வு எதுவும் கிடையாது. ஆனால் எந்த அறை முன்னால் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று குரலே சொல்லிவிடுவதால் கையால் எதையும் தேட வேண்டியதில்லை, கண் முழுக்கக் கம்பிகள் மீதே இருக்கிறது. கதை சொல்பவர் அங்கே வாழ்ந்தவர் என்பது வேறு. இன்று வரை இந்தத் துறையில் நல்ல உதாரணம் கேட்டால் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

17 விநாடிக் கணக்கு

வடிவமைக்க உட்காரும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மக்கள் ஒரு பொருள் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற ஓவியங்கள் முன்னால் 150 பேரைக் கவனித்தார்கள். சராசரி 27 விநாடி. சராசரியைக் கொஞ்சம் நிதானப் பேர்வழிகள் இழுத்து உயர்த்திவிடுவார்கள் என்பதால் நடுவில் இருப்பவரைப் பார்த்தால், அவர் நின்றது 17 விநாடி. பக்கத்திலிருந்த விளக்கப் பலகையைப் படித்த நேரமும் அதற்குள் அடக்கம்.

முழுக் கண்காட்சிக்கும் இதே போல ஒரு கணக்கு இருக்கிறது. பெவர்லி செரல் என்ற ஆய்வாளர் 1990-களில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளின் தரவுகளைத் திரட்டி ஒப்பிட்டார். பெரும்பாலானவற்றில் பார்வையாளர்கள் சராசரியாக இருந்தது 20 நிமிடத்துக்கும் குறைவு. கண்காட்சியில் இருந்த பொருட்களில் பாதிக்கு மேல் நின்று பார்த்தவர்கள் சிறுபான்மைதான்.

இப்போது ஒரு கூடத்தில் 30 பொருள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிட உரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு மணி நேரம். வருகிறவர் தருவது 20 நிமிடம். இரண்டு நிமிட உரை எழுதியவர் பொருளை நேசித்துத்தான் எழுதியிருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்பவர் நாற்பதாவது விநாடியில் அடுத்த கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார், குரல் மட்டும் முந்தைய பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பார்ப்பது ஒன்று, கேட்பது ஒன்று என்று ஆன பிறகு அந்த உரை நின்றால்தான் நிம்மதி.

அதனால் அனுபவமுள்ளவர்கள் எல்லாவற்றுக்கும் உரை எழுதுவதில்லை. சில பொருட்களைத் தேர்ந்தெடுத்து, முதல் வாக்கியத்திலேயே கண்ணுக்கு வேலை கொடுத்து, அரை நிமிடம் சுமாரில் நிறுத்தி, இன்னும் வேண்டும் என்பவருக்கு இரண்டாவது பொத்தான் வைக்கிறார்கள். பெரியப்பா செய்ததும் இதுதான்.

கை ரெண்டுதான்

சான் பிரான்சிஸ்கோவில் 1969-இல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம் ஓர் அறிவியல் மியூசியம். அங்கே பொருட்களைத் தொட்டு, சுழற்றி, இழுத்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் அவர்கள் ஹியூலெட் பேக்கர்ட் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து, ஒவ்வொரு சோதனைக்கும் அருகில் போனால் அதற்கான இணையப் பக்கம் திறக்கும் உள்ளங்கைக் கணினி ஒன்றைச் சோதித்தார்கள். யோசனையாகக் கேட்டால் குறையே தெரியாது. ஆனால் சக்கரத்தைச் சுழற்ற இரண்டு கையும் வேண்டும், கணினியை எங்கே வைப்பது? வாடகைப் பொருள், கீழே விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. சிலர் திரையில் படித்துக்கொண்டே நின்றார்கள், எதிரே இருந்த சோதனையைச் செய்யவில்லை. கூட வந்தவர்களிடமிருந்து விலகிப்போன உணர்வு வந்ததாகவும் சொன்னார்கள்.

அந்தக் குழு அடுத்துச் செய்ததைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். திரையை இன்னும் அழகாக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம் என்று போகாமல், அங்கே நிற்கும்போது இந்தத் தகவல் வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார்கள். நின்று படிப்பதை விட, பிடித்ததைக் குறித்துக்கொண்டு வீட்டில் போய்ப் பார்ப்பது மக்களுக்கு உதவியாக இருக்கும் என்று முடிவு செய்து, கருவியின் வேலையையே "விளக்குவது" என்பதிலிருந்து "நினைவில் வைப்பது" என்று மாற்றினார்கள். பிறகு வந்த வடிவத்தில் ஒரு சின்ன அட்டையைச் சோதனைக்கு அருகில் காட்டினால் போதும். எந்தச் சோதனை என்பது பதிவாகும், சில இடங்களில் படமும் எடுத்துக்கொள்ளும், வீட்டில் இணையத்தில் பார்க்கலாம்.

நியூயார்க்கில் கூப்பர் ஹெவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம் 2015-இல் கொடுக்கத் தொடங்கிய பேனாவும் இதே குடும்பம்தான். விளக்கப் பலகையில் பேனாவின் பின்முனையை வைத்து அழுத்தினால் அந்தப் பொருள் உங்கள் சேகரிப்பில் சேர்ந்துவிடும் என்பதுதான் அப்போதைய ஏற்பாடு. டிக்கெட்டில் இருந்த இணைய முகவரியை வீட்டில் திறந்து பார்க்க முடிந்தது. பேனாவில் படிக்கத் திரையே இருக்கவில்லை, ஆகவே அதை வெறித்துப் பார்க்க வழியும் இருக்கவில்லை.

களைப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் 1916-இல் ஒரு மனிதரைக் காட்சிப் பெட்டிகள் முன்னால் நிறுத்தி, ஒவ்வொன்றையும் பார்க்க அவர் எப்படிக் குனிய வேண்டியிருக்கிறது, எட்ட வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்து வெளியிட்டார். பார்த்துப் பார்த்து உடம்பும் கவனமும் சோர்ந்துபோவதை மியூசியக் களைப்பு என்று அழைத்தார். கழுத்தில் தொங்கும் எடை, மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட வைக்கும் சின்ன எழுத்து, இறுக்கும் ஹெட்போன் எல்லாமே அந்தக் களைப்பில் சேரும். அறுபது வயதுக்காரரின் காலும் கழுத்தும் என்ன சொல்கின்றன என்று கேட்காமல் செய்த கருவி, எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இரண்டாவது கூடத்தில் பைக்குள் போய்விடும்.

சுருக்கமாக: நேரம் குறைவு, கை இரண்டு, கவனம் ஒன்று. கருவி இந்த மூன்றிலிருந்தும் கடன் வாங்கித்தான் வேலை செய்கிறது.

கூட வந்தவர் எங்கே போனார்?

மியூசியத்துக்குத் தனியாகப் போகிறவர்களை விட யாருடனாவது போகிறவர்களே அதிகம். ஆனால் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே ஒருவருக்காகச் செய்யப்பட்டவை. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிறிஸ்டியன் ஹீத், டிர்க் வாம் லேன் இருவரும் பார்வையாளர்களை வீடியோ எடுத்து, யார் எப்போது எதைப் பார்க்கிறார், யாரிடம் திரும்புகிறார் என்று நொடி நொடியாக ஆராய்ந்தார்கள். ஒருவர் கருவியை இயக்கும்போது கூட வந்தவர் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவராக மாறிவிடுவதை அவர்கள் மறுபடி மறுபடி பார்த்தார்கள்.

இதற்கு விடை தேடியதில் எனக்கு மிகப் பிடித்தது, கலிஃபோர்னியாவில் ஃபிலோலி என்ற பழைய மாளிகையில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் செய்த வேலை. முதலில் ஒரு சாதாரண மின்னணு வழிகாட்டியைச் செய்து, எழுத்து, ஹெட்போன் ஒலி, வெளியே கேட்கும் ஸ்பீக்கர் ஒலி என்று தேர்ந்தெடுக்க விட்டார்கள். ஸ்பீக்கரில் கேட்டவர்கள் ஒரு விசித்திரம் செய்தார்கள். கருவி பேசும்போது மூன்றாவது நண்பர் ஒருவர் பேசுவதைப் போல வாய்மூடிக் கேட்டார்கள், அது முடித்ததும் சிரித்தார்கள், "அட, அப்படியா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச்சைத் தொடர்ந்தார்கள். கருவி அவர்களுடைய அரட்டைக்குள் ஒரு ஆளாகவே நுழைந்துவிட்டது.

ஆனால் எல்லோரும் ஸ்பீக்கர் வைத்தால் கூடம் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் அடுத்த வடிவத்தில் ஆளுக்கொரு கருவி கொடுத்து, மற்றொரு காது திறந்தே இருக்கும்படி ஒற்றைக் காது ஹெட்செட் வைத்து, இருவர் கருவிகளையும் கம்பியில்லாமல் இணைத்தார்கள். நான் எதையும் கேட்காமல் இருக்கும்போது, என் துணை எதைக் கேட்கிறாரோ அது எனக்கும் மெல்லிதாகக் கேட்கும். நானே ஒன்றை அழுத்தினால் என்னுடையதுதான் முதலில். திட்டத்துக்கு சோட்டோ வோச்சே, அதாவது தாழ்ந்த குரல் என்று பெயர். ஒட்டுக் கேட்பதைத்தான் ஒரு வசதியாக மாற்றியிருந்தார்கள். மனைவி அறையின் அந்தக் கோடியில் ஒரு பூச்சாடியைப் பற்றிக் கேட்கிறார், இந்தக் கோடியில் இருக்கும் கணவர் காதிலும் அது விழுகிறது, அவர் திரும்பிப் பார்த்து அந்தப் பக்கம் நடக்கிறார். அழைக்காமலேயே இருவரும் ஒரே பொருளிடம் வந்து சேர்கிறார்கள்.

இன்னும் இரண்டு சின்ன முடிவுகள். ஒவ்வொரு உரையும் அரை நிமிடத்துக்கும் குறைவு, காரணம் இருவரும் பேச இடைவெளி வேண்டும். இரண்டாவது, திரையில் பட்டியல் கிடையாது. நீங்கள் எந்தச் சுவரைப் பார்த்து நிற்கிறீர்களோ அந்தச் சுவரின் புகைப்படம்தான் இருக்கும். பிடித்த பொருளைப் படத்தில் தொட்டால் போதும், பெயர் தெரிய வேண்டியதில்லை, எண் தேட வேண்டியதில்லை, தொட்டதும் கண் திரும்பவும் சுவருக்கே போய்விடும்.

எங்கள் மூன்று பேர் கையிலும் இப்படி ஒன்று இருந்திருந்தால், அம்மா அந்த வெண்கலத்தின் முன் நின்றது எனக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் நிற்கும் இடம் கருவிக்கு எப்படித் தெரிகிறது?

போனில்தான் ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது விண்ணில் இருக்கும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் பலவீனமான சமிக்ஞை, கூரையும் கான்கிரீட்டும் அதை விழுங்கிவிடும். கட்டடத்துக்குள் வேறு வழி வேண்டும். பீக்கன் என்பது கூடத்தில் பொருத்தும் சின்ன ரேடியோப் பெட்டி, "நான் இன்னார்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். சமிக்ஞை பலமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறோம் என்று போன் ஊகிக்கும். நடுவில் பத்துப் பேர் வந்து நின்றால் மனித உடம்பில் இருக்கும் நீர் சமிக்ஞையை உறிஞ்சிவிடும், கணக்கு தப்பும். எந்த அறை என்று சொல்ல பீக்கன் போதும். அடுத்தடுத்துத் தொங்கும் இரண்டு ஓவியங்களில் எது என்று கேட்டால் திணறும். கியூஆர் கோடு தப்பாது, ஆனால் ஒவ்வொரு முறையும் போனை எடுத்து, கேமராவைத் திறந்து, கூட்டத்துக்குள் நுழைந்து காட்ட வேண்டும்.

தவறான பொருளுக்கு உரை பேசும் கருவியை மக்கள் இரண்டு முறைக்கு மேல் மன்னிப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் 2011-இல் திறந்த மோனா மியூசியம் சுவரில் விளக்கப் பலகைகளே வைக்காமல் எல்லாத் தகவலையும் "ஓ" என்ற கருவிக்குள் வைத்தது. அது இது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லாமல், அருகில் இருக்கும் படைப்புகளைப் பட்டியலிட்டு மனிதரிடமே தேர்வை விட்டது. சந்தேகம் இருக்கும் இடத்தில் கேட்டுவிடுவது நல்ல வழி.

உப்பு பார்ப்பதும் பந்தியில் கேட்பதும்

இனி மதிப்பீடு. ஒரு கருவி நினைத்த வேலையைச் செய்கிறதா என்று ஆதாரத்தோடு கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தப் பெயர். இதை எல்லாம் முடிந்த பிறகு செய்யும் தேர்வாகவே பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க மதிப்பீட்டாளர் ராபர்ட் ஸ்டேக் சொன்னதாக ஒரு ஒப்புமை உண்டு, சமையல்காரர் சூப்பைச் சுவைத்துப் பார்ப்பது ஒரு வகை, விருந்தினர் சுவைப்பது இன்னொரு வகை. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் கொதிக்கும்போது உப்பு பார்ப்பது ஒன்று, பந்தி முடிந்து கேட்பது ஒன்று. முதலாவது வளர்நிலை மதிப்பீடு, இரண்டாவது முடிவுநிலை மதிப்பீடு. இவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அடுப்பே பற்ற வைக்காமல் யார் சாப்பிட வருகிறார்கள், யாருக்குச் சர்க்கரை நோய் என்று விசாரிப்பது. அதை முன்நிலை மதிப்பீடு என்பார்கள்.

பணம் பெரும்பாலும் முடிவுநிலை மதிப்பீட்டுக்கே ஒதுக்கப்படுகிறது, அதுவும் அறிக்கை காட்டுவதற்காக. என்னைக் கேட்டால் வளர்நிலை மதிப்பீட்டுக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும். பந்தியில் உப்பு அதிகம் என்று தெரிந்து என்ன பயன்?

உப்பு பார்க்க முழுக் கருவி தேவையில்லை. அட்டையில் வரைந்த திரை, போனில் பதிந்த குரல் போன்றவை முன்மாதிரி, அதாவது சோதித்துத் தூக்கிப் போடுவதற்கென்றே செய்த மலிவான நகல். இன்னும் ஒரு நல்ல வழி திரைமறைவுச் சோதனை. பொம்மலாட்டத்தில் திரைக்குப் பின்னால் கயிறு இழுப்பவரைப் போல, கருவி தானாகவே இடத்தைக் கண்டுபிடித்துப் பேசுகிறது என்று பார்வையாளர் நினைக்க, உண்மையில் நாலு அடி தள்ளி நிற்கும் ஒருவர் பொத்தானை அழுத்துவார். பீக்கன், நிரல் எதற்கும் பணம் போடாமல், இந்த யோசனை உதவுமா என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

ஐந்துக்கு ஐந்து ஏன் வருகிறது?

விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் யார்தான் குறை சொல்வார்கள்? நாங்கள் ஐந்து போட்டதில் அந்த மரியாதை கொஞ்சம் இருந்தது. கேட்டவர் சின்னப் பெண், காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர். அக்கா மகளுக்கு இப்படிப்பட்ட கருவி அதுதான் முதல் முறை, அந்தக் குஷி வேறு. புதிது என்பதற்காகவே பிடித்துப்போவதைப் புதுமைக் கவர்ச்சி என்கிறார்கள். இரண்டாவது வருகையில் அது இருக்காது. இன்னொன்று, படிவம் கருவியை எடுத்தவர்களிடம் மட்டும் நீட்டப்பட்டது. வரிசையைப் பார்த்து வேண்டாம் என்று போனவர்கள், பாதியிலேயே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

எண்ணிக்கையும் இதே போல ஏமாற்றும். எத்தனை பேர் ஆப்பைப் பதிவிறக்கினார்கள் என்பது வாசலில் மாட்டிய விளம்பரத்தின் வெற்றியைச் சொல்லும், உள்ளே என்ன நடந்தது என்று சொல்லாது. ஆப்பில் சராசரியாக இத்தனை நிமிடம் செலவிட்டார்கள் என்று பெருமையாகக் காட்டுவார்கள். செய்தி ஆப்புக்கு அது லாபம். மியூசியத்தில் திரையில் போன ஒவ்வொரு நிமிடமும் பொருளைப் பார்க்காத நிமிடமாக இருக்கலாம். தேடித் தேடி எண் கிடைக்காமல் தவித்தவரும் அந்தச் சராசரியைக் கூட்டித்தான் இருப்பார்.

அதனால்தான் கேட்பதோடு நிற்காமல் பார்க்கவும் வேண்டும். பார்வையாளர் எந்த வழியில் நடந்தார், எங்கே நின்றார், எத்தனை விநாடி என்று கூடத்தின் வரைபடத்தில் கோடு போட்டுக் குறிப்பதைத் தடம் குறித்தல் என்கிறார்கள். கிட்டத்தட்ட நூறு வருடமாக இருக்கும் முறை, காகிதமும் ஸ்டாப் வாட்சும் போதும். இதற்குக் கருவி இல்லாதவர்களையும் அதே அளவு கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட ஆள் இல்லை. கவனிக்கிறோம் என்று வாசலில் ஒரு பலகை வைப்பது அவசியம்.

இதுவரை: மதிப்பெண்ணும் பதிவிறக்கமும் தனியாக நின்றால் பொய் சொல்லும். கண் எங்கே போனது, வாய் திறந்ததா என்பதை நேரில் பார்த்தால்தான் மதிப்பெண்ணுக்கே பொருள் வரும்.

ஒரு சனிக்கிழமையில் செய்யக்கூடியது

பெரிய மியூசியங்களுக்குத்தான் இதெல்லாம் என்று சின்ன மியூசியம் நடத்துபவர்கள் நினைக்க வேண்டாம். ஐந்து பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடியில் ஒரு குரல் பதிவு, எங்கே பார்க்க வேண்டும் என்று தொடங்கட்டும். காது கேளாதவருக்கு அதே வாக்கியங்கள் ஓர் அட்டையில், பார்வையற்றவருக்குப் பொருளின் அளவும் வடிவமும் சொல்லும் தனிப் பதிவு. ஒரு பழைய போன், ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்து வைத்து, ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுங்கள். ஆறு குடும்பம் போதும். நீங்கள் தள்ளி நின்று, ஒவ்வொரு பொருளுக்கும் நாலு விஷயம் மட்டும் குறியுங்கள்: கண் பொருளில் எத்தனை விநாடி, திரையில் எத்தனை விநாடி, யாராவது விரல் நீட்டிக் காட்டினார்களா, யாராவது யாரிடமாவது பேசினார்களா.

கடைசியில் எத்தனை மதிப்பெண் என்று கேட்காதீர்கள். எந்தப் பொருளைப் பற்றி வீட்டில் இருப்பவர்களிடம் சொல்வீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பதிவின்போது பிள்ளைகள் அடுத்த பெட்டிக்கு ஓடினார்களோ அதைச் சாயங்காலமே பாதியாக வெட்டி, மறுநாள் காலையில் வேறு ஆறு குடும்பத்திடம் கொடுங்கள்.